இன்சிக்னியா: 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பணியாளர்களுக்கான சீருடை விதிகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'இன்சிக்னியா' (பதவியைக் காட்டும் சின்னம்) என்ற சொல் அடிக்கடி வருகிறது. அதற்குப் பின்னால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா? 'இன்சிக்னியாஸ்' என்று எழுதலாமா? பேசாமல் எல்லா இடத்திலும் 'பேட்ஜ்' என்றே போட்டுவிட்டால் என்ன?

பதில்: ஒரே ஒரு சின்னத்தைச் சொல்லும்போது 'இஸ்' போடுங்கள், பலவற்றைச் சொல்லும்போது 'ஆர்'. சொல் மட்டும் இரண்டு இடத்திலும் மாறாமல் 'இன்சிக்னியா' என்றே நிற்கட்டும். 'இன்சிக்னியாஸ்' அகராதிகளில் இருக்கிறது, அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனாலும் விதிப் புத்தகம் போன்ற ஆவணத்தில் நான் அதை எழுத மாட்டேன். படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது அது உறுத்தும்.

இந்தக் குழப்பம் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'இன்சிக்னே' ஒருமை, 'இன்சிக்னியா' பன்மை. ஆங்கிலத்துக்கு வந்தபின் ஒருமை வடிவம் வழக்கொழிந்தது என்றே சொல்லலாம். இன்றைக்கு 'இன்சிக்னே' என்று எழுதினால் இலக்கணம் தெரிந்தவர் என்று யாரும் மெச்ச மாட்டார்கள், எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்கள். 'அஜெண்டா'வும் லத்தீனில் பன்மைதான். இப்போது அதை ஒருமையாக எழுதுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. 'டேட்டா' இன்னும் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. இன்சிக்னியாவும் அப்படித்தான். அமெரிக்கத் தரைப்படையின் சீருடை விதிகளிலேயே அது ஒருமையாக வருகிறது என்பதால் 'இஸ்' போடத் தயங்க வேண்டாம். பழைய மரபைப் பிடித்துக்கொண்டு எப்போதும் பன்மைதான் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்கள் வாக்கியங்களைத் திருத்த வேண்டியதில்லை.

அடுத்தது பேட்ஜ். உங்கள் ஆவணத்துக்கு உண்மையில் முக்கியமானது இந்தக் கேள்விதான். பேட்ஜ் என்பது கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள். இன்சிக்னியா என்பது ஒருவருடைய பதவியை, அதிகாரத்தை, அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும் அடையாளம். அது ஒரே பொருளாக இருக்கலாம், பல பொருள்கள் சேர்ந்ததாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் தரைப்படையில் கேப்டனின் தோளைப் பாருங்கள்: மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றினால் அது லெப்டினன்டின் தோள் ஆகிவிடும், இன்னொன்றையும் கழற்றினால் செகண்ட் லெப்டினன்ட். ஆக, தனி நட்சத்திரம் கேப்டனின் இன்சிக்னியா இல்லை. மூன்றும் சேர்ந்து நிற்கும் அந்த வரிசைதான் இன்சிக்னியா. அமெரிக்கத் தரைப்படையில் அதே கேப்டனுக்கு நட்சத்திரமே கிடையாது, இரண்டு வெள்ளிப் பட்டைகள்தான்.

விருதுகளிலும் இதே கதை. 'நைட்' போன்ற உயர்ந்த கௌரவப் பட்டங்கள் சிலவற்றில் தோளில் குறுக்காக அணியும் பட்டை, மார்பில் குத்தும் நட்சத்திரம், பட்டையின் முனையில் தொங்கும் பேட்ஜ் எல்லாம் சேர்த்துத்தான் இன்சிக்னியா. அங்கே பேட்ஜ் அதன் ஒரு பகுதி மட்டுமே. இப்படிப் பல பொருள்கள் சேரும் இடத்தில் 'ஆர்' இயல்பாகவே வந்து உட்காரும்.

சட்ட நடையில் இரண்டு சொற்களும் அருகருகே வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் 1907-ஆம் ஆண்டின் ஹேக் போர் விதிமுறைகளைப் புரட்டுங்கள். 23-ஆவது பிரிவின் ஆங்கில வடிவத்தில், எதிரிப்படையின் கொடி, சீருடையோடு சேர்த்துச் சொல்லும்போது 'இன்சிக்னியா' என்று இருக்கும். ஜெனீவா ஒப்பந்தத்தின் அடையாளத்தைச் சொல்லும்போது 'பேட்ஜஸ்' என்று இருக்கும். இரண்டையும் தவறாகப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி.

சரி, உங்கள் ஆவணத்துக்கு வருவோம். பெயரும் புகைப்படமும் உள்ள அட்டையை 'பேட்ஜ்' என்றே எழுதுங்கள். அது ஆளை அடையாளம் காட்டுகிறதே தவிர, பதவியை அல்ல. காவலர், மேற்பார்வையாளர், தலைமை அதிகாரி என்று தோளிலோ கையிலோ வேறுபடுத்திக் காட்டும் பட்டைகளுக்கும் கோடுகளுக்கும் 'ரேங்க் இன்சிக்னியா' என்று எழுதுங்கள். சட்டைப் பையின் மேல் தைத்திருக்கும் நிறுவனச் சின்னம் வெறும் 'லோகோ'தான், கௌரவத்துக்காக அதை இன்சிக்னியா ஆக்க வேண்டாம். இந்த மூன்றையும் பிரித்து எழுதிவிட்டால், வேலையை விட்டுப் போகிறவர் எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பதவி உயர்ந்தவர் எதை மாற்ற வேண்டும் என்ற விதிகளில் சண்டை வராது.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். 'சைன்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு 'இன்சைனியா' என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. நடுவில் உள்ள 'ஜி' எழுத்தை 'சிக்னல்' என்பதில் சொல்வது போலவே சொல்ல வேண்டும், அழுத்தம் 'சிக்' மேல். விதிகளைத் தமிழிலும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் 'பதவிச் சின்னம்' போதும். 'முத்திரை' என்று எழுதினால் ரப்பர் ஸ்டாம்ப்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பட்டைகளின் வடிவத்தை முடிவு செய்யுமுன் உங்கள் நாட்டின் ராணுவம், காவல்துறைச் சின்னங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாரமில்லாதவர் அவற்றையோ, பார்ப்பவர் ஏமாறும்படி அவற்றைப் போலிருப்பவற்றையோ அணிவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம்.