வெந்நீர் அடுப்பு எந்தக் கணக்கில் வரும்?

போன இதழில், காற்று மாசுக்கு உமிழ்வுக் கணக்கு எழுதும் வேலையில் 26 வருடம் இருந்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஓய்வு பெற்ற பொறியாளர் ஏதோ பழைய பெருமை பேசுகிறாள் என்று விட்டுவிடுவீர்கள் என நினைத்தேன். விடவில்லை. வந்த கேள்விகளில் ஆறுக்கு மட்டும் இந்த இதழில் இடம்.

காற்றில் எவ்வளவு மாசு என்பதைக் கருவியே காட்டிவிடுகிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஒரு கணக்கு?
*கல்லூரி மாணவி, மதுரை*

மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்த்தால் பணம் தீர்ந்துவிட்டது தெரியும். எங்கே போனது என்று தெரிய மளிகைச் சீட்டையும் பால் கணக்கையும் எடுத்து உட்கார வேண்டும். கருவி என்பது பர்ஸ். அதில் படுகிற தூசு லாரியினுடையதா, செங்கல் சூளையினுடையதா, சாலைப் புழுதியா என்று அது சொல்லாது. உமிழ்வுக் கணக்குதான் சீட்டு.

கணக்கின் அடிப்படை பெருக்கல் வாய்பாடுதான். எவ்வளவு எரித்தோம், ஒரு டன் எரித்தால் எவ்வளவு மாசு வரும், இரண்டையும் பெருக்கு. நிலக்கரியில் அரை சதவீதம் கந்தகம் இருந்தால் ஒரு டன்னில் 5 கிலோ கந்தகம். அது எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகும்போது எடை இரட்டிப்பாகி 10 கிலோ வரும். சாம்பலில் கொஞ்சம் தங்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம். பெருக்கலில் யாரும் தப்பு செய்வதில்லை. தப்பெல்லாம் பெருக்குவதற்கு எடுக்கிற எண்ணில்தான்.

நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, புனே, கான்பூர் ஆகிய ஆறு நகரங்களுக்கு இப்படி ஓர் ஆய்வு செய்தது. சென்னைப் பகுதியைச் சென்னை ஐ.ஐ.டி. பார்த்தது. ஒவ்வொரு கருவி நிலையத்தையும் சுற்றி இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் ஹோட்டல் தந்தூரி அடுப்பு வரை எண்ணுகிற வேலை. ஆறு நகரத்துக்கே அவ்வளவு பாடு என்றால், நாடு முழுவதற்கும் என்ன பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தேசிய உமிழ்வுக் கணக்கும் ஒரு வேலையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் புகைபோக்கியிலேயே ஆன்லைன் கருவி இருக்கிறது. எங்களுக்கும் பெருக்கல் வாய்பாடு தேவையா?
*வாசகர், தூத்துக்குடி*

தேவை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் நிலக்கரியில் சுமார் 40 சதவீதம் சாம்பல். ஒரு டன் எரித்தால் 400 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 320 கிலோ, புகையோடு பறக்கிறது. அதைப் பிடிக்கத்தான் உங்கள் ஈ.எஸ்.பி., அதாவது மின்சாரத்தால் தூசை இழுத்துப் பிடிக்கிற கருவி, இருக்கிறது. அது 99.9 சதவீதம் பிடிக்கிறது என்று எழுதினால் வெளியே போவது 320 கிராம். 99 சதவீதம் என்று எழுதினால் 3.2 கிலோ. இரண்டுமே காகிதத்தில் பார்க்க நல்ல மதிப்பெண் மாதிரிதான் இருக்கும். ஆனால் மாசு பத்து மடங்கு வித்தியாசப்படுகிறது. 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழுச் சுமையில் ஓடினால் நாளைக்கு 7,000 டன் எரிக்கும் என்று வையுங்கள். ஒரு எண்ணின்படி இரண்டேகால் டன் தூசு, இன்னொன்றின்படி 22 டன். அந்தப் புள்ளி ஒன்பதை யார் கொடுத்தது? பெரும்பாலும் கருவி வாங்கிய நாளில் விற்றவர் கொடுத்த ஏடு. அதன் மின் பகுதிகளில் (ஃபீல்டு) ஒன்று கருகிக் கிடக்கிற இன்றைய நிலை அந்த ஏட்டில் இருக்காது.

அதனால்தான் உங்கள் ஆன்லைன் கருவி எனக்கு உயிர். ஆனால் அது ஒரு கன மீட்டர் புகையில் எத்தனை மில்லிகிராம் என்றுதான் சொல்கிறது. எத்தனை கன மீட்டர் புகை போனது என்பது தனி அளவு. இரண்டும் சேர்ந்தால்தான் டன் கிடைக்கும். அப்புறம், கருவி பழுதாகி நின்ற மணி நேரங்கள். அந்த இடத்தில் சிலர் பூஜ்யம் போட்டுவிடுகிறார்கள். கருவிதான் தூங்கியது, கொதிகலன் தூங்கவில்லையே! பூஜ்யம் வேறு, தெரியாது என்பது வேறு. ஐரோப்பிய நாடுகள் அனுப்பும் அட்டவணைகளில் இதற்கென்றே தனித்தனிக் குறிகள் உண்டு: ‘இங்கே இந்தத் தொழிலே இல்லை’ என்பதற்கு ஒன்று, ‘இருக்கிறது, ஆனால் கணக்கிடவில்லை’ என்பதற்கு ஒன்று, ‘வேறொரு வரியில் சேர்த்துவிட்டோம்’ என்பதற்கு ஒன்று. வெறும் கட்டத்தை விட்டுவைக்க அனுமதியில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

எங்கள் வீட்டில் கேஸ் வந்து ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் மாமியார் குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில் விறகில்தான் போடுவார். இதெல்லாம் உங்கள் கணக்கில் வருமா?
*இல்லத்தரசி, தேனி*

வந்த கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி இதுதான் அம்மா. பதில்: வருவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் விறகு, வரட்டி, பயிர்க் கழிவு, கரி என்று எரித்தன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 58.6 சதவீத வீடுகள் தூய எரிபொருளில் சமைக்கின்றன என்று வந்தது. பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கெடுப்புகள் கேட்பது ‘முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்’ என்று. நீங்கள் ‘கேஸ்’ என்பீர்கள், உண்மையும் அதுதான். உங்கள் மாமியாரின் அடுப்பு அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நான் களப்பணிக்குப் போன ஒரு கிராமத்தில் சமையல்கட்டு பளிச்சென்று இருந்தது. மேடையில் இரண்டு பர்னர் அடுப்பு, மேலே பூத்துணி மூடி வைத்திருந்தார்கள். படிவத்தில் ‘கேஸ்’ என்று டிக் செய்து கிளம்பும்போது, கொல்லைப்பக்கம் மூன்று கல்லும், அடி கறுத்த அண்டாவும், பக்கத்தில் கட்டுக்கட்டாகச் சீமைக்கருவேலமும் கண்ணில் பட்டன. “இது என்னம்மா?” என்றால், “இது சமையல் இல்லீங்களே, வெந்நீர்தானே” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வி கேட்டிருந்தேன். அன்றிலிருந்து எங்கள் குழுவில் மூன்று கேள்விகள் சேர்த்தோம்: போன சிலிண்டர் எந்தத் தேதி வந்தது, அதற்கு முந்தியது எப்போது, மாட்டுத் தீவனம் எதில் காய்ச்சுகிறீர்கள். சிலிண்டர் ஐந்து மாதம் வருகிறது என்றால் இன்னொரு அடுப்பு எங்கேயோ எரிகிறது. விறகையும் ‘ஒரு கட்டு’ என்று எழுதாமல், நாங்கள் கொண்டுபோன தொங்கு தராசில் மாட்டி எடை போட்டோம். ஒரே தெருவில் ஒரு கட்டு 7 கிலோவும் இருந்தது, 15 கிலோவும் இருந்தது.

இது ஏதோ நம்மூர்ப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பல வருடங்களாக, வருடாவருடம் ஒழுங்காகக் கணக்கு எழுதிவருகிறார்கள். நாட்டு எல்லை தாண்டிப் போகும் காற்று மாசு பற்றி 1979-ல் ஜெனீவாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி பிப்ரவரி 15-க்குள் அனுப்பியாக வேண்டும். அப்பேர்ப்பட்ட நாட்டில், பி.எம். 2.5 நுண்தூசில் வீட்டு அடுப்பு எரிப்பின் பங்கு 38 சதவீதம் என்று சில ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வீடு வீடாகப் புதிதாக விசாரித்ததில், முன்பு நினைத்த அளவுக்கு மக்கள் விறகு எரிக்கவில்லை என்று தெரிந்தது. 2022-ல் வெளியிட்ட கணக்கில் விறகின் பங்கு 17 சதவீதமாக இறங்கியது. அடுப்பு விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த 17-ம் சாலை வாகனங்களின் பங்கை விட அதிகம்தான்.

எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் அந்த ஓர் ஆண்டை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தவில்லை. பழைய ஆண்டுகளையும் புது முறையில் திரும்பப் போட்டார்கள். இல்லாவிட்டால், முறை மாறிய வருடத்தில் எல்லாரும் ஒரே ராத்திரியில் விறகை விட்டுவிட்ட மாதிரி வரைபடம் செங்குத்தாக விழுந்திருக்கும். ஏதாவது ஓர் அமைச்சர் அதற்கு மாலையும் வாங்கியிருப்பார்.

மாமியாரை ஒன்றும் சொல்லாதீர்கள். அடுத்த முறை யாராவது படிவத்தோடு வந்தால் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், போதும்.

ஆர்.டி.ஓ. பதிவேட்டில் எத்தனை வண்டி என்று இருக்கிறதே, வாகனக் கணக்கு சுலபம்தானே?
*வாசகர், கோவை*

பதிவேடு ஓர் இடுகாடும்தான். இரும்புக்குப் போட்ட ஸ்கூட்டருக்கு யாரும் மெனக்கெட்டுப் போய்ப் பதிவை ரத்து செய்வதில்லை. என் அப்பாவின் வண்டி போய் இருபது வருடம் ஆயிற்று, ஏட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதனால் காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் பங்க்கில் போய் நிற்போம். எந்த வருட வண்டி, எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது. பாதி மொபெட்டில் மீட்டர் முள் ஓடாது. “மைலேஜ் எவ்வளவு?” என்று கேட்டால் எல்லாரும் ஷோரூமில் சொன்னதையே சொல்வார்கள். அதையெல்லாம் சலித்து எடுத்து, நாங்கள் கணக்குப் போட்ட வண்டிகள் மொத்தம் குடித்திருக்க வேண்டிய பெட்ரோலையும், ஊரில் உண்மையில் விற்ற பெட்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒத்துப்போகவில்லை என்றால் ஆரம்பத்திலிருந்து.

டீசலில் இந்த வித்தை அப்படியே பலிக்காது. பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி பெட்ரோலில் 99.6 சதவீதம் வண்டிகளுக்குப் போகிறது, டீசலிலோ 70 சதவீதம்தான். மிச்சம் டிராக்டர், பம்ப்செட், ஜெனரேட்டர். இதை மறந்துவிட்டு டீசல் முழுவதையும் லாரியில் ஊற்றிவிட்டு, ஜெனரேட்டருக்கு இன்னொரு முறை கணக்குப் போட்டால், ஒரே டீசல் இரண்டு முறை எரியும்.

அரசாங்கமே குறைத்துக் காட்டினால் யார் கண்டுபிடிப்பது?
*வாசகர், விழுப்புரம்*

இப்போதெல்லாம் செயற்கைக்கோள் மேலிருந்து கந்தக டை ஆக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் பார்க்கிறது. சிங்ரௌலி மாதிரி அனல் மின் நிலையங்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தைக் காகிதத்தில் மறைக்க முடியாது. ஆனால் மறைப்பதை விட விட்டுப்போவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். 2015-ல் சீனா தன் பழைய நிலக்கரிக் கணக்கைத் தானே திருத்தியபோது, சில ஆண்டுகளில் முன்பு சொன்னதை விட 17 சதவீதம் வரை கூடுதலாக எரித்திருந்தது வெளியே வந்தது. சிறு தொழிற்சாலைகள் எரித்தது முன்பு சரியாக எண்ணப்படவில்லை.

பின்னலாடை ஆலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர் நான். வருடாவருடம் செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கைப் படிவம் நிரப்பி அனுப்புகிறேன். அதை யாராவது படிக்கிறார்களா?
*வாசகர், திருப்பூர்*

நான் படித்தேன் தம்பி. உங்களுடையதை இல்லாவிட்டாலும், அது மாதிரி பல நூறு படிவங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதமும் டீசல் 1,200 லிட்டர் என்று இருந்தால், எழுதியவர் ஜெனரேட்டர் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். மின்வெட்டு எங்காவது மாதாமாதம் ஒரே அளவில் வருமா?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஆலையின் படிவத்தில் ஆண்டு டீசல் 14,600 என்று இருந்தது. கட்டத்தின் தலைப்பு கிலோலிட்டர். நானும் அப்படியே ஏற்றிவிட்டேன். அறிக்கை அச்சுக்குப் போகும் முன், வரைபடத்தில் அந்த ஒரு கட்டம் மட்டும் அடர்சிவப்பாக நின்றது. உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன்: 12 கிலோலிட்டர் டேங்கர் என்றால் நாளைக்கு மூன்றுக்கு மேல் வர வேண்டும். ஆலைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் சிரித்துவிட்டார். “மேடம், எங்க தெருவுல டேங்கர் நுழைஞ்சா திரும்ப முடியாது. நாங்க கேன்ல வாங்குறோம். அது லிட்டரு.” நாளைக்கு 40 லிட்டர்! ஆயிரம் மடங்கு பிசகை நான் இரண்டு மாதம் மேசையில் வைத்திருந்திருக்கிறேன்.

எனவே எண்ணுக்குப் பக்கத்தில் லிட்டரா கிலோலிட்டரா என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள், படிவத்தில் அச்சாகியிருந்தாலும் பரவாயில்லை. ஜெனரேட்டரில் மணிக்கணக்கு மீட்டர் இருக்கும். மாதம் முதல் தேதி அதைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் விட்டுப்போனால் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள். டீசல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், யாராவது போன் செய்தால் எடுத்துப் பார்க்க உதவும்.