பதினைந்து வயதுக் காற்பந்தாட்டக்காரனின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

போன வியாழக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் மகனின் எதிர்காலம் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டு வந்து போன பிறகு, நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். காற்பந்துதான் தொழில், அதையும் வெளிநாட்டில்தான் ஆட வேண்டும் என்கிறான் மகன். அப்பா சரி என்கிறார். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளையைப் பெற்றவருக்கு அந்தக் கவலை வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

முதலில், நீங்கள் கைப்பேசியில் காட்டிய அந்தத் தகவல். ஐரோப்பாவில் இரண்டு வாரத் தேர்வு முகாம், 6,800 வெள்ளி கட்டினால் இடம் உறுதி, வெள்ளிக்கிழமைக்குள் பணம் வர வேண்டும் என்று இருந்தது. கட்டாதீர்கள். உலகக் காற்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் விதிப்படி 18 வயது நிறையாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் குழுவுக்கு மாற்றிப் பதிவு செய்ய முடியாது. காற்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு. இன்னும் சில விலக்குகளும் உள்ளன. உங்கள் குடும்பத்துக்கு அவை பொருந்தா. ஆக, முகாமில் அவன் எவ்வளவு அருமையாக ஆடினாலும் ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முகவராகச் செயல்படுபவர் ஃபிஃபாவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வயது குறைந்த பிள்ளையை அணுகுமுன் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். உங்கள் மகனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியவர் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

அந்த விலக்குகளில் ஒன்று சிங்கப்பூரர்களுக்குச் சுவையானது. வீடும் குழுவும் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருந்து, பிள்ளை தன் வீட்டிலேயே தங்கி, இரு நாட்டுச் சங்கங்களும் இசைந்தால் 18 வயதுக்கு முன்பே பக்கத்து நாட்டில் ஆடலாம். எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாரு இதற்குள் வந்துவிடும். ஆனாலும் பள்ளி முடிந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் தினமும் நிற்கும் பையனால் எப்போது படிக்க முடியும், எப்போது தூங்க முடியும்? நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது, சிங்கப்பூர் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை. ஃபிஃபாவின் கதவு 18 வயதில் திறக்கிறது. ஏறத்தாழ அதே வயதில்தான் இங்கே சீருடை அழைக்கிறது. ஆட்டக்காரனுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் பெரிய விலை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. 2018ல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் குழுவில் ஒப்பந்தம் பெற்ற ஓர் இளைஞருக்குக்கூடத் தற்காப்பு அமைச்சு ஒத்திவைப்பு தரவில்லை. ஒத்திவைப்புக் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். 13 வயதோ அதற்கு மேலோ ஆன பையன் மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் தங்குவதென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. சேவையை முடித்துவிட்டு, 20 அல்லது 22 வயதில் வெளியே போவதுதான் பெரும்பாலோருக்கு நடக்கக்கூடிய வழி. அது தாமதம் என்று தோன்றும். ஆனால் அந்த வயதில் போகிறவனுக்குச் சமைக்கத் தெரியும், கணக்கு வைக்கத் தெரியும், தனிமையைத் தாங்கத் தெரியும்.

எங்கே போவது? அப்பாவின் வாயில் இங்கிலாந்தும் ஸ்பெயினும் மட்டுமே வந்தன. சிங்கப்பூரின் அந்நாளைய நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி அகமதை அவர் நினைவுபடுத்தினார். 1983ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இன்டர் மிலானுக்கு எதிராக அவர் போட்ட கோலை இந்தத் தீவு இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஃபாண்டி முதலில் போனது இந்தோனீசியாவின் சுராபாயாவுக்கு. இன்னொரு சிங்கப்பூர் ஆட்டக்காரரான ஹாரிஸ் ஹாருன் ஜொகூருக்குப் போனார். 2015ல் அங்குள்ள குழுவோடு ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி கிண்ணம் வென்று, 2021ல் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸ் குழுவுக்குத் திரும்பினார். மலேசியா, தாய்லாந்து, இந்தோனீசியா ஆகியவை நம் ஆட்டக்காரர்கள் உண்மையாகவே சம்பளம் வாங்கும் இடங்கள். அதனால் ஒன்று சொல்கிறேன், இதை அலட்சியப்படுத்தாதீர்கள்: மகனை இப்போதே மலாய் கற்க விடுங்கள். சமூக மன்ற வகுப்பு போதும். உடைமாற்று அறையில் நடக்கும் பேச்சு புரியாதவன் அணியில் இருந்தும் விருந்தாளிதான்.

ஒப்பந்தம் கைக்கு வரும் காலத்தில், சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, சம்பளம் தொடருமா என்பதைப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் சம்பளம் நிலுவையாவது புதிதல்ல. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அதன் பின் ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி ஆட்டக்காரருக்கு உரிமை தருகிறது. எழுத்தில் கேட்காமல் வாய்வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் பையன்கள் செய்யும் தவறு. இங்கே முதலாளி ஊழியரின் ஓய்வுக்காலத்துக்காகக் கட்டும் மத்திய சேமநிதியை வெளிநாட்டுக் குழு கட்டாது. மாதாமாதம் அவனே தன் கணக்கில் போடப் பழக வேண்டும்.

இனி நான் உண்மையில் பேச விரும்புவது. ஆட்டக்காரரின் தொழில் முப்பது வயதைத் தாண்டியதுமே தளரத் தொடங்கும். அதற்குப் பிறகு ஆடியதைவிட நீண்ட வாழ்க்கை பாக்கி இருக்கிறது. நம் வி. சுந்தரமூர்த்தியைப் பாருங்கள். 1980களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவில் ஆடியவர். காலில் பந்து வந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். பின்னர் பயிற்றுவிப்பாளராக, மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூர் அணியான லயன்ஸ் 12க்கு 2013ல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். 2016 முதல் 2018 வரை தேசிய அணியை வழிநடத்தினார். அதே சமயம், 2025 நவம்பரில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று சிங்கப்பூரை முதன்முறையாகத் தகுதிச்சுற்றின் வழி ஆசியக் கிண்ணத்துக்குக் கொண்டு சேர்த்த பயிற்றுவிப்பாளர் கேவின் லீ, பெயர் பெற்ற ஆட்டக்காரராக இருந்தவரல்லர். இளம் வயதிலேயே பயிற்றுவிப்பைத் தொழிலாகப் படித்தவர். நன்றாக ஆடியவர் நன்றாகக் கற்றுக்கொடுப்பார் என்பது தப்புக்கணக்கு. இது தனித் தொழில், தனிப் படிப்பு.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அவன் பள்ளித் திடலுக்குப் போயிருந்தேன். கணுக்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். அவனோ, இடப்பக்கம் ஆடிய உயர்நிலை ஒன்றுப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிறுவன் பந்து வாங்கும்போதெல்லாம் பின்னால் இருப்பவனிடம் பறிகொடுத்தான். உங்கள் மகன் கத்தவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவனிடம், "பந்து உன்னிடம் வருவதற்கு முன்னாலேயே தோளுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துவிடு" என்று மட்டும் சொன்னான். அடுத்த பந்து வந்தது. சிறுவன் திரும்பிப் பார்த்தான், இடம் இருப்பதைக் கண்டான், ஒரே தொடுதலில் முன்னே போய்விட்டான். உங்கள் மகன் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது தவறுகள் செய்யும் பிள்ளையிடம் எந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தெரிவது எளிதில் வராது, அம்மா. ஆட்டத்தில் எவ்வளவு தூரம் போவான் என்று என்னால் சொல்ல முடியாது. இதில் போவான்.

ஆகவே ஆட்டத்தோடு சேர்த்தே பயிற்றுவிப்பையும் தொடங்கட்டும். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் 'டி', 'சி', 'பி', 'ஏ', 'புரோ' என்று படிப்படியாக ஏறும். இடையிடையே களத்தில் பயிற்சி கொடுத்த அனுபவமும் வேண்டும் என்பதால் அவசரமாக முடிக்க முடியாது. ஆடும் காலத்திலேயே கீழ்ப்படிகளை ஏறிவிட்டவன், ஓய்வு பெறும் நாளில் வேலை தேடி அலைய மாட்டான். இங்கே பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைக்குப் பயிற்சி தர, தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அது நிலையான வருமானத்துக்கு ஒரு வாசல்.

படிப்பைப் பற்றி அப்பாவிடம் நீங்கள் உறுதியாக நில்லுங்கள். அடுத்த ஆண்டு நடுவில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு சார்ந்த பட்டயப் படிப்புகள் உண்டு. அங்கே நேர்முகத்தில் ஆர்வத்தைக் காட்டச் சொல்வார்கள். பதக்கங்களின் படத்தைவிட, ஓர் ஆண்டு முழுவதும் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்த குறிப்பேடு அவனுக்காகப் பேசும். இன்றைக்கே ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். தேதி, யாருக்கு, என்ன சொன்னான், அடுத்த வாரம் என்ன மாறியது என்று அவன் தன் கையால் எழுதட்டும்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று பேரும் வாருங்கள். அந்த முகாம்காரர் அனுப்பிய தாள்களையும், அவனுடைய இந்தத் தவணைத் தேர்ச்சி அறிக்கையையும் எடுத்து வாருங்கள். குறிப்பேட்டை அவனையே கொண்டுவரச் சொல்லுங்கள்.