கஞ்சா எண்ணெய் எடுத்துக்கொண்டு நடைப்பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது, லண்டனில் இருக்கிறேன். சில வருடங்களாக நாள்பட்ட சோர்வு நோய். வலிக்கும் தூக்கத்துக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் டி.எச்.சி.யும் (கஞ்சாவில் போதை தரும் பொருள்) சி.பி.டி.யும் (போதை தராத பொருள்) கலந்த கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரவில் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை 10 மி.கி. ஏற்கெனவே எடுக்கிறேன். எண்ணெயை எடுத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் நடந்தால் தேறிவிடலாம் என்கிறாள் தோழி. சரியா? டிசம்பரில் மதுரைக்குப் போகும்போது எண்ணெயைக் கொண்டுபோகலாமா?

பதில்: எண்ணெய் எடுத்துக்கொண்டு நடக்காதீர்கள். தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் மற்றவர்களுக்குச் சரிவரும் இந்த யோசனை உங்கள் நோயில் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும்.

இந்த நோயில் உடம்பு கணக்கை உடனே கேட்பதில்லை. திங்கட்கிழமை நடப்பீர்கள், அன்று நன்றாகத்தான் இருக்கும், செவ்வாய் மாலையோ புதனோ காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு முறிந்து, தலை மந்தமாகி, வெளிச்சம்கூடப் பிடிக்காமல் விழுந்துவிடுவீர்கள், அது தீர ஒரு வாரமும் ஆகலாம். இந்த நோயாளிகளை அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளந்து பார்த்த ஆய்வுகளில் பலருக்கு இரண்டாம் நாள் திறன் குறைந்திருந்தது, அதாவது சோம்பலோ மனப்பிரமையோ காரணமில்லை. உங்கள் நாட்டில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2021-இல், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். வலிதான் உங்களிடம் "போதும், உட்கார்" என்று சொல்லும் குரல். எண்ணெய் அதை அமுக்கிவிடலாம், ஆனால் உங்கள் சக்தியின் அளவைக் கூட்டாது. சோர்வு நோயை அது குணப்படுத்தும் என்று நிரூபித்த தரமான ஆய்வு எதுவும் இல்லை. வலி தெரியாமல் அளவைத் தாண்டிவிடுவீர்கள் என்பதுதான் என் பயம்.

இன்னொன்று, டி.எச்.சி. நாடித் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கவும் செய்யும். இந்த நோய் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு நின்றாலே நெஞ்சு படபடக்கும் தொல்லை ஏற்கெனவே உண்டு. அதனால் எண்ணெயைத் தொடங்கும் முன்பே, வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்க, பத்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள், பிறகு எழுந்து நின்று நிமிடத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் வரை எண்ணிக் குறித்து வையுங்கள், தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட நாடி நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடினால் அந்தக் குறிப்பை ஜி.பி.யிடமும் (உங்கள் குடும்ப டாக்டர்) கிளினிக்கிலும் காட்டாமல் எண்ணெயைத் தொடாதீர்கள். அமிட்ரிப்டிலினும் நாடியைக் கூட்டும், மயக்கம் தரும், சி.பி.டி. அதன் அளவை ரத்தத்தில் ஏற்றவும் கூடும், ஆகவே கிளினிக்குக்கு இந்த மாத்திரை பற்றித் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தாலோ, கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தாலோ எண்ணெயே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்து எடுப்பதானால் இரவில், மிகக் குறைந்த அளவில், தூக்கத்துக்காக மட்டும் எடுங்கள். வாய்வழி எடுத்தது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும், "ஒன்றும் தெரியவில்லையே" என்று இன்னும் சில சொட்டு விடாதீர்கள். மறுநாள் மந்தம் இருந்தால் கார் ஓட்டக் கூடாது.

உடம்பை அசைக்கவே கூடாதா என்றால், அசைக்கலாம். படுத்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டுவது, கைகளை மெதுவாக உயர்த்துவது, அதுவும் களைப்பு வரும் முன்பே நிறுத்திவிட வேண்டும். தலைக்குக் குளிப்பது, சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்குவது எல்லாம் உழைப்புக் கணக்கில்தான் சேரும், குளித்த அன்று பயிற்சி வேண்டாம். நிலைமை சீராக இருந்து நீங்களே விரும்பினால், இந்த நோயை நன்கு அறிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரோடு தொடங்குங்கள், அவரும் முதலில் இப்போது செய்வதைக் குறைக்கத்தான் சொல்வார்.

மதுரைக்கு எண்ணெயைக் கொண்டுபோக வேண்டாம். லண்டன் மருந்துச்சீட்டு இருக்கிறதே என்று நம்பினால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பயணத்துக்கு முன் அதை எப்படி நிறுத்துவது என்று கிளினிக்கில் இப்போதே கேளுங்கள். ஏர்போர்ட்டில் கூச்சப்படாமல் சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள், ஊர் போய்ச் சேர்ந்த முதல் மூன்று நாள் எந்த உறவினர் வீட்டுக்கும் போகாதீர்கள், யாராவது கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.