போட்டியில் மட்டும் ஃபவுல்: மனதுக்குள் ஓடிப் பழகுவது எப்படி?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நீளம் தாண்டுதல்தான் அவளுக்கு உயிர். கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் காலைப் பயிற்சியில் நன்றாகத் தாண்டுகிறாள். போட்டி என்று வந்துவிட்டால் மூன்று வாய்ப்பில் இரண்டு ஃபவுல், மிதித்துத் தாண்ட வேண்டிய பலகையைக் கடந்து கால் போய்விடுகிறது. பதக்கத்தோடு மேடையில் நிற்பதுபோல் தினமும் கற்பனை செய்யச் சொன்னார்கள். இரண்டு மாதமாகச் செய்தும் மாற்றமில்லை. இந்த மனக்காட்சிப் பயிற்சி உண்மையிலேயே உதவுமா?
- ஒரு தந்தை, மஞ்சக்குப்பம்

பதில்: உதவும். ஆனால் உங்கள் மகள் பார்ப்பது அவளுக்கு வேண்டிய காட்சி இல்லை. பதக்கம் கழுத்தில் விழும் படத்தில் அவளுடைய கால் எங்கே இருக்கிறது? ஆசையை வளர்க்க அது போதும், காலுக்கு அது எதையும் சொல்லித் தராது.

மனதுக்குள் போகும் முன் டேப்பை எடுத்து ஒன்றை அளந்துவிடுங்கள். நம் கடற்கரையில் விடியற்காலையில் ஒரு காற்று, நண்பகலை ஒட்டிக் கடல்காற்று எழும்பிவிட்டால் வேறு காற்று. காலை ஆறு மணிக்குப் போட்ட செக் மார்க், அதாவது ஓட்டத்தை அளந்து வைக்கும் அடையாளம், பகல் போட்டிக்கு அப்படியே பொருந்தாது. காற்று பின்னாலிருந்து தள்ளினாலும், போட்டிப் பதற்றத்தில் வேகம் கூடினாலும் ஸ்டெப் நீளும். 16 ஸ்டெப் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் நீண்டாலே மொத்தம் 32 சென்டிமீட்டர். டேக் ஆஃப் பலகையின் அகலமே 20 சென்டிமீட்டர்தான். பகலிலும் சில நாள் ஓடவிட்டு, கால் எங்கே விழுகிறது என்று பயிற்சியாளரோடு சேர்ந்து பாருங்கள். தொடங்கும் இடத்தைச் சற்றுப் பின்னால் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். ஓர் அசைவை உள்ளுக்குள் ஒத்திகை பார்க்கும்போது, அதை நிஜமாகச் செய்யத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் பலவும் வேலை செய்கின்றன. இதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை விளையாட்டு உளவியலாளர்கள் டெபோரா ஃபெல்ட்ஸ், டேனியல் லேண்டர்ஸ் இருவரும் 1983-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மனப்பயிற்சி மேல் என்று தெரிந்தது. மைதானத்தில் ஓடுவதற்கு அது ஈடாகாது, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. 2001-இல் பால் ஹோம்ஸ், டேவ் காலின்ஸ் சொன்ன முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன்: ஒத்திகை எவ்வளவுக்கு நிஜம்போல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அதனால் படுத்துக்கொண்டு வேண்டாம். போட்டி உடையைப் போட்டு, ஸ்பைக்ஸ் மாட்டி, மொட்டை மாடியில் நின்றபடி செய்யட்டும். டிவியில் தன்னைப் பார்ப்பதுபோல் வெளியே நின்று பார்க்காமல், தன் கண்ணுக்குள்ளிருந்தே ஓடுபாதையைப் பார்க்கட்டும். தொடையில் இறுக்கம், உள்ளங்கை வியர்வை, அடுத்த மணல் பிட்டிலிருந்து வரும் கூச்சல், எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இங்கேதான் நீங்கள் உதவலாம். மைதானத்தில் அவள் ஓடத் தொடங்கியதிலிருந்து பலகையை மிதிக்கும் வரை ஸ்டாப்வாட்சில் நேரம் எடுங்கள். வீட்டில் கண்ணை மூடி ஓடும்போது, தொடங்கும்போது ஒரு முறை, மிதிக்கும்போது ஒரு முறை விரல் தூக்கச் சொல்லி அதையும் எடுங்கள். புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் ஒரு மாணவனுக்கு இப்படி எடுத்தபோது, மனதுக்குள் ஓடிய ஓட்டம் நிஜ ஓட்டத்தில் பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. எதை விட்டுவிட்டாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “சார், கடைசி நாலு ஸ்டெப் வரவே இல்லை, நேரா மணலுக்குப் போயிட்டேன்” என்றான். அவன் ஃபவுல் செய்ததும் அந்த நாலு ஸ்டெப்பில்தான். இரண்டு நேரமும் ஒன்றாகும் வரை அந்த நான்கை மட்டும் திரும்பத் திரும்ப ஓடினோம்.

சிலருக்குக் கண்ணை மூடினால் படமே வராது. அது குறையில்லை. 2015-இல் ஆடம் சீமன் என்ற நரம்பியல் பேராசிரியர் அதற்கு அஃபன்டேசியா என்று பெயரே வைத்தார். உங்கள் மகளும் அப்படி என்றால் கால் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கடைசியில் தாளம் எப்படி விரைகிறது என்பதைக் காதால் பிடித்தாலும் போதும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேலரியிலிருந்து “பார்த்தும்மா, ஃபவுல் ஆயிடாதே” என்று குரல் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் எழுவது ஃபவுலுக்கு நடுவர் தூக்கும் சிவப்புக் கொடியின் படம்தான். “தலையைத் தூக்கி ஓடு” என்று சொன்னால் அவளுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

சிவப்புக் கொடியையும் ஒத்திகையில் வாரம் ஒரு முறை சேர்க்கலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. கொடி ஏறியது, திரும்பி நடந்தாள், ஒரு வாய் தண்ணீர், பயிற்சியாளர் சைகை, மார்க்கை நகர்த்தினாள், மறுபடி ஓடினாள் என்று முடிய வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து சுவரே தெரியாமல் போனது. கை வீச்சை எண்ணியே நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வென்றார். தவறு நடந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே மனதில் ஓட்டிப் பார்த்துப் பழகியவர் அவர்.

தினமும் ஐந்து நிமிடம், நான்கைந்து ஓட்டம் போதும். அலுப்போடு இருபது ஓடுவதில் பயனில்லை. போட்டியன்று பெயர் அழைத்தபின் அவளுக்கு இருப்பது ஒரு நிமிடம். அதில் ஒரே ஒரு முறை மனதுக்குள் ஓடிவிட்டுக் கிளம்பட்டும். நேரம் கடந்தால் அதையும் ஃபவுல் என்றுதான் எழுதுவார்கள்.