பத்தாயம் இல்லாத வீட்டுக் கணக்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். ரேஷனில் பருப்பும் பாமாயிலும் மாதக் கடைசி வரை வராமல் போனால் கூலிக்காரர் வீட்டில் என்ன ஆகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மன்னார்குடி பக்கம் ஐந்து ஏக்கர் நிலம், நானே நின்று சாகுபடி பார்க்கிறேன். உங்கள் கட்டுரையில் இரக்கம் இருந்தது, ஊர் நடப்பு இல்லை.

அரிசி இலவசமான நாளிலிருந்து நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கெஞ்சிக் கூத்தாடி, வண்டி வைத்து அழைத்துவர வேண்டியிருக்கிறது. வாங்குகிற அரிசியையும் எல்லாரும் தின்பதில்லை. மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முதல் நாள் ரேஷன் வரிசையில் நின்றவள். காதில் தோடு, வெளியே ஸ்கூட்டி, ஒன்றரைக் கிலோ கோழி வாங்கிப் போகிறாள். இவளுக்கு எதற்கு என் வரிப்பணத்தில் அரிசி? என் அம்மா எட்டுப் பேர் குடும்பத்தை ஒரு காசு வீணாக்காமல் நடத்தினார். மாதச் சாமானுக்குப் பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கினால் இவர்களும் மிச்சம் பிடிக்கலாம். யாரும் சொல்லித் தருவதில்லை. உண்மையான ஏழை யார் என்று கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?

இன்னொன்று. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

கறிக்கடையை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்களும் கறி வாங்கத்தானே அங்கே போயிருந்தீர்கள்? ரேஷனில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. அதில் நாலு பேர் ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு எத்தனை நாள் சாம்பார் வரும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். வளர்கிற பிள்ளைகளுக்குப் பருப்பைத் தாண்டி ஏதாவது வேண்டுமென்றால் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது முட்டையும் பிராய்லர் கோழியும்தான். ஸ்கூட்டி தவணையில் வந்திருக்கும். தோடு எத்தனை முறை அடகுக்கடைக்குப் போய்த் திரும்பியதோ, அது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நம் இருவருக்கும் இல்லை என்பது என் வாதம்.

உங்கள் அம்மாவின் சிக்கனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எட்டுப் பேருக்கு உலை வைப்பது லேசான காரியமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பத்தாயம் இருந்திருக்கும். தை மாதம் அறுத்த நெல் அதில் கிடக்கும். புளி, மிளகாய், உளுந்து எல்லாம் வருஷத்துக்கு வாங்கிக் காயவைத்து எடுத்து வைத்திருப்பார்கள். சோற்றுக்குக் கவலை இல்லை என்ற இடத்திலிருந்து தொடங்கிய சிக்கனம் அது. பத்தாயம் இல்லாத வீட்டுக்கு ரேஷன் கடைதான் பத்தாயம்.

அந்த வீடுகளிலும் முன்பு நெல் இருந்தது. களத்தில் அறுத்துக் கட்டி, அடித்து, தூற்றி, மரக்காலால் அளந்து வாங்கிய கூலி நெல். புருஷன் பெண்டாட்டி இருவரும் அறுப்புக்குப் போனால் மூன்று நாலு மாதத்துச் சோறு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலையும் இல்லாமல் நெல்லும் இல்லாமல் போகும்போது மிராசுதார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அறுப்பில் கழித்துக்கொள்ளலாம் என்று நெல் கடன் கிடைக்கும். அந்த நெல்லோடு, அடுத்த அறுப்புக்கு யார் வயலில் இறங்குவது, என்ன கூலிக்கு இறங்குவது என்பதும் அப்போதே முடிவாகிவிடும்.

நம் பக்கத்தில் கூலி என்றால் நெல்தான், நெல் என்றால் ரத்தமும்தான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து செத்தார்களே, அதற்குப் பின்னால் இருந்த பூசலில் கேட்கப்பட்டது கூடுதலாக அரைப்படி நெல். மறு வருஷம் தஞ்சை மாவட்டத்துக்கென்றே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்கள் வகுப்பில் நடத்தாத பாடமாக வேண்டுமானால் இருக்கலாம்.

இப்போது அறுப்பு யார் அறுக்கிறார்கள்? பெல்ட் மெஷின் அறுக்கிறது. மணிக்கு இத்தனை என்று வாடகை பேசி, ஒரே பகலில் நெல் நேரே டிராக்டரில் ஏறிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. நான் மெஷினைக் குறை சொல்லவில்லை. சம்பா சாய்ந்து கிடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருக்க முடியாது. எங்கள் வீட்டு நிலத்திலும் மெஷின்தான். ஆனால் களம் போனதோடு கூலி நெல்லும் போயிற்று. ஈரத்தில் மெஷின் இறங்கி மிதித்தால் வயலில் தெளித்திருந்த உளுந்தும் பயறும் போகிறது, அதைப் பறிக்கிற கூலியும் கூடவே போகிறது. நாற்று விடாமல் நேரடி விதைப்பு செய்கிறவர்கள் நடவுக் கூலியையும் மிச்சம் பிடிக்கிறார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஒழுங்காகத் திறந்த வருஷத்திலேயே வயல் வேலைக்கு உள்ள நாள் குறைந்துகொண்டே வருகிறது. நடவு என்கிற சில வாரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும், மிச்ச மாதமெல்லாம் அவர்கள் எங்கேயோ எப்படியோ பிழைத்துக்கொண்டு, நாம் கூப்பிட்டவுடன் வந்து நிற்க வேண்டும் என்றால் எப்படி ஐயா? திருப்பூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் அரிசி இலவசம் என்பதால் போகவில்லை. வருஷம் முழுக்க வேலை இருக்கிற இடத்துக்குப் போனார்கள். ஊரில் இருப்பவர்கள் கூலியைப் பேசிவிட்டு வருகிறார்கள். அன்று வாசலில் வந்து நின்றவர்களை நாம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. சோம்பல் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டோம்.

இந்தச் சோம்பல் பேச்சு உங்களோடு நிற்கவில்லை. 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே இலவச அரிசி மக்களைச் சோம்பேறி ஆக்குகிறது, ஏழைகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சொன்னது. அதே மாதம் 16-ஆம் தேதிதான் வேதாரண்யத்தில் கஜா புயல் கரையேறியது. நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லை என்று ஊர் ஊராக நடந்த மறியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புயலில் கூரை போனது கண்ணுக்குத் தெரியும், அதையே சரியாகப் பட்டியல் போட முடியவில்லை. வறுமையை யார் வந்து, எதை வைத்துப் பட்டியல் போடுவது? தோட்டை வைத்தா, ஸ்கூட்டியை வைத்தா?

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று கார்டைப் பிரித்தபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்தது. அதனால்தான் இன்றும் அரிசி கார்டு வாங்க யாரும் தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. 2011 ஜூனில் அரிசிக்கு விலை இல்லை என்று ஆனபோதும் அதுவே தொடர்ந்தது. வேண்டாதவர்கள் சர்க்கரை கார்டாக மாற்றிக்கொள்ளலாம், எந்தப் பொருளும் வேண்டாத கார்டும் இருக்கிறது. மாற்றாமலே வரிசைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அந்த அரிசியைச் சாப்பிடப் பிடிக்காதவன் அதற்காக வெயிலில் பையோடு நிற்க மாட்டான். எந்த வருமானச் சான்றிதழும் செய்யாத வடிகட்டலை வரிசை செய்துவிடுகிறது. வாத்தியாரம்மாவும் களை எடுக்கிறவளும் ஒரே வரிசையில் பாமாயிலுக்கு நிற்கிற வரைக்கும்தான் அந்தக் கடையில் எடைக்கும் தரத்துக்கும் சத்தம் போட ஆள் இருக்கும். ஏழைக்கு மட்டும் என்று ஆகிவிட்ட கடையில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கும் யோசனைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீடு. அவர் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை தூக்குகிறவர், சீசன் இருந்தால்தான் வேலை. அந்த அக்கா நடவு, களை, அது இல்லாதபோது சித்தாள். மாமியார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. கார்டுக்கு 20 கிலோ அரிசி. பிள்ளைகள் மதியம் சத்துணவு சாப்பிட்டும் பாதி மாதத்தைத் தாண்டுவது பெரும்பாடு. பிறகு வெளி அரிசிதான், கிலோ ஐம்பதுக்குக் குறைந்து நல்லதாகக் கிடைக்காது. இலவச அரிசி இருக்கிறது, வேலைக்குப் போக வேண்டாம் என்று அந்த வீட்டில் யாராவது நினைத்தால் இருபதாம் தேதி என்ன செய்வார்கள்?

கூலி சாயங்காலம் கைக்கு வருகிறது. வருகிற வழியிலேயே மளிகைக் கடை. பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குச் சீரகம், ஒரு சாம்பார் பொடிப் பொட்டலம், ஒரு கை பூண்டு. அரைக் கிலோவாக வாங்கினால் மலிவு என்பது அந்த அக்காவுக்கு உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும், இது கிலோவுக்கு என்ன விலை விழுகிறது என்று. ஆனால் அரைக் கிலோவுக்கான பணம் ஒருசேரக் கையில் நிற்பதே இல்லை. வாரம் ஒருநாள் காலையில் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்துவிடும். ஒரு வீடு கட்டாவிட்டால் மற்ற பெண்கள் எல்லாரும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே அது போகத்தான் அடுப்புக்கு. மழை நாளில் கடையில் நோட்டில் எழுதி வாங்கினால் விலையைப் பற்றி வாய் திறக்க முடியாது. சில்லறையாக வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் நம்மைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். அந்த வீட்டில் மாதச் சாமானாக, மொத்தமாக, மலிவு விலையில் வருவது ரேஷன் ஒன்றுதான். பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25, சர்க்கரை 25. நீங்கள் சொல்லித் தரச் சொல்கிற பழக்கம் அதுதான் ஐயா. அதனால்தான் பருப்பு வராத மாதத்தைப் பற்றி எழுதினேன். வெளியில் அதே பருப்புக்கு நாலு மடங்கு கொடுக்க வேண்டும், அப்போது முட்டை நிற்கும், மாமியாருக்குப் பால் நிற்கும். பிறகு முருங்கைக்கீரையும் கருவாடும் சுழன்று சுழன்று வரும்.

உங்கள் வரிப்பணம் பற்றி. நம் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். குறுவைச் சாகுபடிக்கு அரசு உதவித் தொகுப்பு வந்தால் வாங்கிக்கொள்கிறோம். 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள், வேண்டாம் என்று சொன்ன மிராசுதாரை நான் பார்க்கவில்லை. இதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை, இல்லாவிட்டால் டெல்டாவில் விவசாயம் நிற்காது. ஆனால் பம்புசெட் ஓடும்போது யாரும் வந்து நம் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து என்ன கறி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கொள்முதலையும் நினைத்துப் பாருங்கள். 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கி, அரவைக்கு விட்டு, அந்த அரிசியைத்தான் ரேஷன் கடைக்கு அனுப்புகிறது. உங்கள் ஐந்து ஏக்கர் நெல்லும் அதில் இருக்கிறது. சாப்பிட இத்தனை கார்டுகள் இருப்பதால்தான் இவ்வளவு நெல்லை வாங்க முடிகிறது. உண்மையான ஏழைக்கு மட்டும் என்று கார்டை வெட்டிச் சுருக்கினால் வியாபாரி சொல்கிற விலைக்கு மூட்டையைப் போட வேண்டியிருக்கும். அப்போது முதலில் மறியலுக்கு வருவது நீங்கள்தான், பின்னாலேயே நானும் வருவேன்.

மாவு மில்லுக்குப் போகிறது என்பது உண்மை. அரிசி சில மாதம் பழுப்பாக, வாடையோடு வருகிறது, இட்லி மாவுக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது. அதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம்தான். ஆனால் லாரி லாரியாக மாநிலம் தாண்டுகிற அரிசி நாலு கிலோ பையில் போனதில்லை. பெரிய மூட்டையைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே.

பிளாஸ்டிக் இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே அச்சில் பிழிந்து, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், களையும்போது சில மேலே மிதக்கும், அதனால்தான் சந்தேகம் வருகிறது. எங்கள் தெருவிலும் முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்காகப் போடுவதை அந்தப் பெண்களே எறிகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களும் அப்படிச் செய்தால் சொல்லிவிடுங்கள், வாத்தியார் சொன்னால் கேட்பார்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி வடிப்பதையும், பலமுறை தேய்த்துக் களைவதையும் குறைத்தால் சத்து கூடுதலாக நிற்கும்.

அன்புடன்.