கிரூபன்ஹாகன் டியூக்குகள் – ஒரு கடிதம்

வணக்கம். பைசாந்தியம் (கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு) பற்றிய உங்கள் பதிவில், அதன் பேரரசர் மூன்றாம் ஆண்ட்ரோனிகோஸின் முதல் மனைவி ஜெர்மனியில் கிரூபன்ஹாகன் என்ற இடத்துப் பெண் என்று ஒரு வரி வருகிறது. வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். நாலைந்து தாலுகாவைச் சேர்த்தால் அவ்வளவுதான் இருக்கும்போல. அங்கே போய் கான்ஸ்டான்டிநோபிள் ஏன் பெண் எடுத்தது? அப்புறம், அந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் ‘பிரவுன்ஷ்வைக் டியூக்’ என்றே போட்டிருக்கிறது. எத்தனை பேர்தான் டியூக்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாக்சனி, பவேரியா இரண்டையும் ஆண்ட ‘சிங்கம்’ ஹென்றி 1180-இல் ஜெர்மானியப் பேரரசரோடு முட்டிக்கொண்டு இரண்டையும் இழந்தார். மிஞ்சியது குடும்பச் சொத்தான பிரவுன்ஷ்வைக், லூனபுர்க் வட்டாரம். 1235-இல் அவருடைய பேரன் ஒட்டோ மைன்ஸ் நகரில் அந்தச் சொத்தைப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கிடம் ஒப்படைத்தார், அவரும் அதை ஒரு டியூக் நாடாக்கி இவரிடமே திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததென்னவோ ஒரு பட்டம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கம் இல்லை. நிலத்தைப் பாகம் பிரிப்பார்கள், பட்டத்தைப் பிரிக்க மாட்டார்கள், ஆளுக்கொரு முழு டியூக் பட்டம். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த 1356-இன் பொன் ஆணை பாகப்பிரிவினைக்குத் தடை போட்டபோதும் அது பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் இளவரசர்களின் நாடுகளுக்கு மட்டும்தான், இவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஒட்டோவின் பேரன்கள் பிரித்துக்கொண்டதில் மூத்தவர் ஹென்றிக்கு விழுந்தது ஹார்ஸ் மலையின் தென்மேற்கு ஓரம்: ஐன்பெக், ஓஸ்டரோடே, ஹெர்ட்ஸ்பெர்க், ஐன்பெக்குக்குப் பக்கத்தில் கிரூபன்ஹாகன் என்ற கோட்டை. கோட்டையின் பெயரே கிளையின் பெயராகிவிட்டது. பிரவுன்ஷ்வைக் நகரும் வேண்டும் என்று மல்லுக்கட்டித் தம்பி ஆல்பிரெக்டிடம் தோற்றார். தம்பியை வரலாறு ‘குண்டர்’ என்கிறது, இவரை ‘அதிசயமானவர்’ என்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தவிர இவரிடம் எனக்கு அதிசயம் எதுவும் தட்டுப்படவில்லை.

சரி, பெண் விஷயம். கான்ஸ்டான்டிநோபிள்காரர்கள் நிலத்தை அளந்து பார்த்துப் பெண் எடுக்கவில்லை, வம்சத்தைப் பார்த்தார்கள். ஹென்றியின் மனைவி ஆக்னஸ், இரண்டாம் ஃபிரெடரிக்கின் மகள் வயிற்றுப் பேத்தி. அந்தப் பேரரசரின் இன்னொரு மகள் ஏற்கெனவே நைசியாவின் (கான்ஸ்டான்டிநோபிளை இழந்திருந்த காலத்தில் கிரேக்கர்கள் நடத்திய அரசு) கிரேக்கப் பேரரசர் வட்டாட்செஸுக்கு வாழ்க்கைப்பட்டவர். ஆகவே நீங்கள் கேட்ட அந்தப் பெண், ஹென்றியின் மகள் ஆடல்ஹைட், வரதட்சணை கொண்டுவர முடியாத வீட்டிலிருந்து வந்தாலும், ஒரு பேரரசரின் கொள்ளுப்பேத்தி. 1318-இல் கல்யாணம், பெயரும் ஐரீன் என்று மாறியது. ஆனால் அப்போது அரியணையில் இருந்தவர் மாப்பிள்ளையின் தாத்தா. பிறந்த ஒரே குழந்தை பச்சிளம் வயதில் இறந்தது, 1321-இல் தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது, 1324-இல் ஐரீனும் இறந்துபோனார். கணவர் தனி ஆட்சிக்கு வந்தது 1328-இல்தான்.

ஊரில் பணம் இல்லாமல் இல்லை, அது டியூக்கிடம் இல்லை, அவ்வளவுதான். ஐன்பெக் பீர் வடக்கு ஜெர்மனி முழுக்க விலைபோன சரக்கு. 1368-இல் அந்நகரம் ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் இருந்தது. பீர் காய்ச்சும் உரிமை நகர மக்களுடையது. பெரிய கொப்பரை ஒன்று முறை வைத்து வீடு வீடாகப் போகும், அது உள்ளே நுழைவதற்கென்றே வாசல்களை உயர்ந்த வளைவாகக் கட்டினார்கள். இன்றும் பழைய தெருக்களில் அந்த வாசல்களைப் பார்க்கலாம்.

1322-இல் ஹென்றி இறந்ததும் மறுபடி பாகப்பிரிவினை. மகன் இரண்டாம் ஹென்றி கிழக்கே பயணம் போய்வந்து ‘கிரேக்கத்து ஹென்றி’ என்று பெயர் வாங்கினார். அவருடைய பிள்ளைகளுக்கு ஊரில் என்ன இருந்தது? மெல்கியோர் பிஷப் ஆனார். ஃபிலிப் சைப்ரஸ் பக்கம் போனார், அவர் மகள் ஹெல்விஸ் அந்தத் தீவின் அரசி ஆனாள். அதுவும் சும்மா கிடைக்கவில்லை, கணவரோடு ஜெனோவாவில் பல வருடம் சிறையிருந்து, மகனை அங்கேயே பெற்றவள். மூத்தவர் ஒட்டோ இத்தாலியில் வாள் பிடித்துப் பிழைத்து, 56 வயதில், 1376-இல், நேப்பிள்ஸ் அரசி ஜொவான்னாவுக்கு நாலாவது கணவரானார். ராணி அவருக்குத் தென் இத்தாலியின் டாரன்டோவைக் கொடுத்தாளே தவிர ராஜா பட்டம் கொடுக்கவில்லை. இருந்தும் 1381-இல் அரியணைக்குப் போட்டியிட்ட அவளுடைய உறவினர் துரட்சோ சார்லஸ் அவளைக் கோட்டைக்குள் முற்றுகையிட்டபோது மனிதர் படையோடு வந்து நின்றார், தோற்றுச் சிறைப்பட்டார். மறுவருடம் ராணியைக் கொன்றுவிட்டார்கள். இந்த மூன்று பேரில் எனக்குப் பிடித்தவர் இவர்தான்.

இப்படி வெளியே போன கிளை அதோடு அற்றுப்போக, ஊரிலேயே இருந்த சித்தப்பா எர்ன்ஸ்ட்டின் கிளை சத்தமில்லாமல் 1596 வரை ஆண்டது. கடைசி டியூக் இரண்டாம் ஃபிலிப்புக்கு வாரிசு இல்லை. அவர் கண்ணை மூடியதும் வுல்ஃபன்பியூட்டல் பங்காளி நாட்டை வளைத்துப் போட, லூனபுர்க் பங்காளிகள் பேரரசின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு தரப்பும் பிரவுன்ஷ்வைக்-லூனபுர்க் டியூக்குகள்தான். தீர்ப்பு லூனபுர்க்காரர்கள் பக்கம் விழுந்து நாடு கைமாறியது 1617-இல்.