லூப் ஓடும் காம்போ டெக்கோடு போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: கோபியில் கல்லூரியில் படிக்கிறேன். மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தைச் சில வருடங்களாக ஆடுகிறேன், பெரும்பாலும் கம்ப்யூட்டரில், மேஜிக் ஆன்லைனில்தான். இப்போது மாடர்ன் ஃபார்மேட்டுக்கு (எந்தெந்தக் கார்டு செல்லும் என்ற ஆட்ட வகை) ஸ்பிளின்டர் ட்வின் காம்போ டெக்கை, அதாவது இரண்டு கார்டு சேர்ந்து வேலை செய்யும் கட்டை, நிஜக் கார்டுகளாகவே சேர்த்து வருகிறேன். அடுத்த மாதம் பெங்களூரில் காம்பெட்டிட்டிவ் அளவில் (விதிகள் கறாராக இருக்கும் அளவு) ஒரு போட்டி நடக்கிறது, முதன்முறையாகப் போகப் போகிறேன். "லூப் ஓட்டினால் (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால்) ஸ்லோ பிளே, மெதுவாக ஆடுகிறான் என்று ஜட்ஜ் வெளியே அனுப்பிவிடுவார்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? இன்னொன்று, என்னிடம் ஸ்கால்டிங் டார்ன் என்ற நிலக் கார்டு நான்கும் இல்லை. கோவையில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு, அனுப்ப மாட்டார். உங்கள் டெக்கில் ஓடும் லூப்புக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு, வாங்காதீங்க. உங்களை அந்த மண்டபத்தை விட்டு வெளியே அனுப்பக்கூடியது லூப் இல்லை, அந்தப் பாதி விலைக் கார்டுதான். நண்பர்கள் தப்பான இடத்தில் பயப்படச் சொல்லியிருக்கிறார்கள்.

லூப்பை முதலில் முடித்துவிடுவோம். டிசீவர் எக்ஸார்க் என்ற கிரீச்சர் (உயிரினக் கார்டு) மேல் ஸ்பிளின்டர் ட்வினைப் போடுகிறீர்கள். எக்ஸார்க்கை டாப் செய்தால் (பயன்படுத்தியதற்கு அடையாளமாகச் சாய்த்தால்) அதன் நகல் ஒன்று வருகிறது. நகல் உள்ளே வரும்போது பழைய எக்ஸார்க்கை அன்டாப் செய்து, அதாவது மறுபடி நிமிர்த்திவிடுகிறது. மறுபடி டாப், மறுபடி நகல். ஒவ்வொரு நகலும் வந்த டர்னிலேயே (அந்த முறையிலேயே) அடிக்கலாம். மேஜிக் ஆன்லைனில் இதை ஒவ்வொரு முறையும் சொடுக்கிச் சொடுக்கித்தான் செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தால்தான், நிஜ மேசையிலும் ஒவ்வொன்றாகச் செய்து நேரம் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். மேசையில் அது தேவையில்லை. ஒரு சுற்றை நிதானமாக, எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி செய்து காட்டுங்கள். பிறகு, "இதையே பத்து லட்சம் முறை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இதில் இரண்டே இரண்டு விஷயம் முக்கியம். எண் சொல்லியே ஆக வேண்டும். "எவ்வளவு வேணுமோ அவ்வளவு" என்றால் ஜட்ஜ் திரும்பக் கேட்பார். எதிராளி ஒப்புக்கொள்ளவும் செய்யலாம், "மூன்றாவது சுற்றில் நிறுத்துங்கள், அங்கே நான் ஒன்று செய்கிறேன்" என்று குறுக்கிடவும் செய்யலாம். ஆகவே எண்ணைச் சொன்னதும் கார்டுகளை நகர்த்திவிடாமல் அவர் வாயிலிருந்து பதில் வரும்வரை காத்திருங்கள். "சரி" என்று அவர் சொன்னால்தான் நகல்கள் வந்ததாகக் கணக்கு. இந்தப் பேச்சைக் கண்ணாடி முன் நின்றாவது சொல்லிப் பழகுங்கள். தடுமாறித் தடுமாறிச் சொன்னால் அரை நிமிட வேலை ஐந்து நிமிடமாகும்.

அப்புறம் நண்பர்களின் பயம் எங்கிருந்து வந்தது? வேறு வகை லூப்பிலிருந்து. பழைய கார்டுகளும் செல்லும் லெகசி ஃபார்மேட்டில் ஃபோர் ஹார்ஸ்மென் என்று ஒரு டெக் உண்டு. அது லைப்ரரியை (இன்னும் எடுக்காத கட்டை) கிரேவ்யார்டில் (கழித்த கார்டுகளின் குவியலில்) கொட்டும், எம்ரகூல் என்ற கார்டு விழுந்தால் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி தொடங்கும். எத்தனை சுற்றில் முடியும் என்று ஆடுபவருக்கே தெரியாது. தெரியாததால் எண் சொல்ல முடியாது, எண் சொல்ல முடியாததால் சுருக்கிக் காட்டவும் முடியாது. ஆட்ட நிலை மாறாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஸ்லோ பிளே எச்சரிக்கை வரும். உங்கள் லூப்பில் சீட்டைக் கலைப்பதும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. அடுத்த சுற்று என்ன ஆகும் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடுகிறது.

நேரம் தின்னும் டெக்குகளைத் தடை செய்ததும் இந்தப் பயத்தை வளர்த்திருக்கும். மாடர்னில் செகண்ட் சன்ரைஸ் என்ற கார்டை 2013-இல் தடை செய்தார்கள், காரணம் அந்த டெக்கின் ஒரு டர்ன் நெடுநேரம் ஓடியது. 2024 ஜூனில் நாடு, விங்டு விஸ்டம் என்ற பறவைக் கார்டு வெளிவந்தது, ஆகஸ்டிலேயே மாடர்னில் தடையானது. அதிலும் நீண்ட டர்ன்கள் ஒரு குறை. எனக்கு இதில் கோபம் உண்டு. அச்சடிப்பதும் அவர்கள், விற்பதும் அவர்கள், இரண்டு மாதம் கழித்துத் தடை செய்வதும் அவர்கள். காசு போட்டு வாங்கி ஆடிய பையனுக்கு மட்டும் மெதுவாக ஆடுகிறவன் என்ற பெயர். ஒரு ரவுண்டுக்கு 50 நிமிடம், அதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அளக்க மேசையில் கடிகாரம் இல்லை. சதுரங்கத்தில் 1883 லண்டன் போட்டியிலேயே இரட்டைக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். நீங்கள் ஆடும் மேஜிக் ஆன்லைனிலும் ஆளுக்குத் தனி நேரம் ஓடுகிறது. மேசையில் மட்டும் "நியாயமான வேகம்" என்ற ஒரு சொல், அதற்கு ஜட்ஜ் ஜட்ஜுக்கு ஓர் அளவு. இது மாறாதவரை காம்போ ஆடுகிறவர் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக ஆடித்தான் ஆக வேண்டும்.

ஸ்லோ பிளே என்று உண்மையிலேயே உங்களுக்கு வந்தால், அது லூப்பில் வராது, லூப்புக்கு முன்னால் யோசிக்கும்போது வரும். எதிராளியிடம் இரண்டு நிலம் அன்டாப்பாக, அதாவது உங்களைத் தடுக்க ஏதாவது போடத் தயாராக, இருக்கிறது. இப்போதே ட்வினைப் போடலாமா, ஒரு டர்ன் பொறுக்கலாமா? இங்கேதான் கை நின்றுவிடும். முதல் முறை எச்சரிக்கை, அதே தவறுக்கு இரண்டாம் முறை அந்த ஆட்டமே இழப்பு. வேண்டுமென்றே நேரம் கடத்தினால் போட்டியிலிருந்தே நீக்கம்.

அதனால் சில முடிவுகளை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி சிவப்பு டெக் என்றால் எக்ஸார்க்கின் அதே வேலையைச் செய்யும் பெஸ்டர்மைட்டை நம்பாதீர்கள், அது 2/1 (அடி 2, தாங்கும் சக்தி 1). லைட்னிங் போல்ட் விழுந்தால் செத்துவிடும். எக்ஸார்க் 1/4, போல்ட்டின் மூன்று டேமேஜைத் தாங்கும். நீங்கள் ட்வினைப் போட, அது ஒட்டுவதற்குள் அவர் அந்தக் கிரீச்சரைக் கொன்றுவிட்டால் ட்வினும் வீணாகிறது. அவருடைய ஒரு கார்டுக்கு உங்களுடைய இரண்டு. இதைத் தெரிந்துகொண்டால் யோசனை பாதியாகக் குறையும்.

காம்போ ஒவ்வொரு ஆட்டத்திலும் நான்காம் டர்னில் வரும் என்றும் எண்ணிக்கொண்டு போகாதீர்கள். 60 கார்டு டெக்கில் ட்வின் 4, எக்ஸார்க்கும் பெஸ்டர்மைட்டும் சேர்த்து 8 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், நீங்கள் முதலில் ஆடும்போது நான்காம் டர்னுக்குள் பார்ப்பது 10 கார்டு. அதில் இரண்டு பாகமும் கையில் இருக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். கார்டு தேடித் தரும் ஸ்பெல்கள் இதைக் கொஞ்சம் உயர்த்தும். ஆனாலும் பாதிக்குப் பாதி ஆட்டங்களில் காம்போ இல்லாமல்தான் ஐந்தாம் டர்னைத் தொடங்குவீர்கள். அப்போது என்ன செய்வது என்று பயிற்சி எடுங்கள். தனியாக உட்கார்ந்து கோல்டுஃபிஷ் ஆடுவதில் இது வராது. ஈரோட்டிலோ கோவையிலோ ஆடுகிற நாலு பேரைப் பிடித்து, கையில் கவுன்டர்ஸ்பெல் (போட்ட கார்டை ரத்து செய்யும் கார்டு) வைத்துக்கொண்டு எதிரே உட்காரச் சொல்லுங்கள். ட்வின் 2016-இல் தடையாகி 2024 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. இடையில் மாடர்ன் ரொம்ப வேகமாகிவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்து ஆடினால் மூன்றாம் டர்னிலேயே உயிர் போய்விடும்.

சரி, இப்போது அந்தப் பாதி விலை ஆசாமி.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்துப் பார்க்காமல் யாராவது விலை சொல்கிறார்களா? கார்டுக்கு மட்டும் ஏன் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்புகிறீர்கள்? மேற்கு மாவட்டங்களில் இந்த ஆட்டத்துக்குக் கடை குறைவு, போட்டி அதைவிடக் குறைவு. அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். "ஒரிஜினல் குவாலிட்டி" என்பார்கள், ஒரிஜினல் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். "வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வருது, கஸ்டம்ஸுக்கு அட்வான்ஸ் அனுப்புங்க" என்பார்கள். அட்வான்ஸ் போனதும் குழுவிலிருந்து உங்களை நீக்குவார்கள். போட்டிக்குப் பெயர் பதிவு செய்து தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதிவை நடத்துபவரிடம் நீங்களே நேராகச் செய்துகொள்ளுங்கள். கல்லூரிப் பையன்கள் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

போலிக் கார்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் யாரிடமும் துணியின் இழை எண்ணும் சின்ன லென்ஸ் இருக்கும். அதில் கார்டின் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே கறுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். பெரும்பாலான போலியில் எழுத்தே பல நிறப் புள்ளிகளால் ஆகி, ஓரம் கலங்கித் தெரியும். 30 மடங்குக்கு மேல் பெருக்கும் லென்ஸ் கிடைத்தால் பின்பக்கத்துப் பச்சை வட்டத்தையும் பாருங்கள். அசலில் அதற்குள் நாலு சிவப்புப் புள்ளிகள் எல் வடிவில் இருக்கும். 2014-இல் வந்த மேஜிக் 2015 தொகுப்பிலிருந்து ரேர் கார்டுகளின் அடியில் நீள்வட்ட ஹாலோகிராம் முத்திரையும் உண்டு. கூடவே, அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மலிவுக் கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள்.

"பிராக்ஸி (அசலுக்குப் பதில் மாற்றுக் கார்டு) போட்டுக்கலாமே, ஜட்ஜே பிராக்ஸி தருவாராமே" என்று அந்த ஆசாமி சொல்லியிருப்பார். எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறார்கள், அதனால் இதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். ஜட்ஜ் பிராக்ஸி தருவது உண்மைதான். எப்போது? உங்கள் அசல் கார்டு அந்தப் போட்டி நடக்கும்போதே தற்செயலாகச் சேதமானால். எதிராளியின் காபி கொட்டியது, கலைக்கும்போது மடிந்தது, இப்படி. நீங்களே வேண்டுமென்றோ அசட்டையாகவோ கெடுத்திருந்தால் கிடையாது. வீட்டிலிருந்து வரும்போதே கிழிந்திருந்தால் கிடையாது. ஃபாயிலாக (பளபளக்கும் பதிப்பாக) மட்டுமே அச்சான கார்டு என்றால், அதற்கும் தருவார். இரண்டிலும் தலைமை ஜட்ஜ்தான் தர வேண்டும், அந்தப் போட்டியோடு அது முடிந்தது, அசல் கார்டும் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அசலே இல்லாதவருக்குப் பிராக்ஸி என்று ஒன்று இந்த அளவுப் போட்டியில் இல்லை. நீங்கள் அச்சடித்ததும் செல்லாது, தரகர் அச்சடித்ததும் செல்லாது. தெரிந்தே போலியை வைத்து ஆடினால் அது ஏமாற்று, தண்டனை நீக்கம். தெரியாமல் வைத்திருந்தால் அங்கேயே அசலைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் சாதாரண பேசிக் லேண்ட், அதாவது அடிப்படை நிலக் கார்டு.

உங்களுக்கு ஸ்கால்டிங் டார்ன்தான் வேண்டும் என்று யார் சொன்னது? நெட்டில் கிடைத்த லிஸ்ட்தானே? டார்னை வைப்பது முக்கியமாக ஸ்டீம் வென்ட்ஸ் என்ற இன்னொரு நிலத்தைக் கட்டிலிருந்து தேடி எடுக்கத்தான். ஸ்டீம் வென்ட்ஸ் ஐலண்ட் வகையும் மவுன்டன் வகையும் சேர்ந்தது. ஆகவே ஐலண்டைத் தேடும் ஃப்ளடட் ஸ்டிராண்ட், பொல்யூட்டட் டெல்டா, மிஸ்டி ரெயின்ஃபாரஸ்ட், மவுன்டனைத் தேடும் வுடட் ஃபுட்ஹில்ஸ், பிளட்ஸ்டெயின்ட் மயர், ஏரிட் மேசா, இதில் எதுவும் அதை எடுத்துத் தரும். பேசிக் ஐலண்டையும் பேசிக் மவுன்டனையும் ஒரே கார்டால் தேட முடியாது என்ற குறை இருக்கும், பரவாயில்லை. நண்பர்களிடம் எது இருக்கிறதோ அதைக் கடன் வாங்குங்கள். கடன் வாங்கிய அசல் கார்டுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஃபாயில் கார்டு கடன் தந்தால் மட்டும் யோசியுங்கள். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக் காற்றில் ஃபாயில் வளைந்துவிடும். காம்போ கார்டுகள் மட்டும் வளைந்து மற்றவை நேராக இருந்தால், உறை போட்டிருந்தாலும் மேலே இருக்கும் கார்டு எது என்று கண்டுபிடிக்க முடியும். அதற்கும் தண்டனை உண்டு.

டெக் லிஸ்டை முந்தின நாளே வீட்டில் எழுதிவிடுங்கள். அதிகாலை ரயிலில் போய் இறங்கி அவசரத்தில் எழுதினால் 60-க்குப் பதில் 59 எழுதுவீர்கள், ஓர் ஆட்டத்தை ஆடாமலே இழக்க நேரிடலாம். சைடுபோர்டு (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் கார்டுகள்) 15-ஐயும் சேர்த்து எண்ணுங்கள், பெயர்களை முழுதாக எழுதுங்கள்.

குறிப்புத் தாள் வைத்துக்கொள்ளலாம். எந்த டெக்குக்கு எதிராக எந்த சைடுபோர்டு கார்டை உள்ளே எடுப்பது என்று எழுதி வைத்து, ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பார்க்கலாம். ஆட்டம் ஓடும்போது எடுக்கக் கூடாது. போனைப் பையில் போட்டுவிடுங்கள். லூப்பைப் பற்றி எதிராளி தகராறு செய்தால் அவரோடு வாதாடாமல் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். பேசி முடிக்க ஆகும் நேரத்தை ரவுண்டின் கடைசியில் கூட்டித் தரச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.